அப்பாவுக்குத் தோட்டத்தில் அடிபட்டது, தங்கச்சி புனர்வாழ்வு ஆலோசகராகப் படிக்கணுமாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிலிம்ரிவர்_அக்கா (சனி, இரவு 10.42)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் 20 நிமிடம் உள்ளே போக வேண்டும். போன வருடம் வெட்டிய மட்டை ஒன்று வலது தோளில் இறங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு சரியாகவில்லை. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பாது. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டுகிற வேலைக்கு இனி அவர் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தற்காலிக முடக்கப் பணம், சம்பளத்தில் 80 விழுக்காடு, வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சொக்சோ கேஸ் மேனேஜர் ஒருவர் அடிக்கடி போன் செய்வார். மலாய்க்காரப் பெண், தங்கமான மனுஷி. “அங்கிள், அப்பா காபார்?” என்பார், எப்படி இருக்கிறீர்கள் என்று. அப்பா “காபார் பாய்க், காபார் பாய்க்”, நலம் நலம் என்பார். போனை வைத்ததும் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவை தங்கச்சி போனை வாங்கி மலாயில் போட்டு உடைத்துவிட்டாள். “அப்பா சொல்வது பொய். ராத்திரி தூங்குவதில்லை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.” அந்த அம்மா அன்று முக்கால் மணி நேரம் பேசினார்.

அன்றிலிருந்து தங்கச்சிக்கு அந்த வேலைதான் வேண்டுமாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். டவுனில் ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் கூடாரம் போட்டு ‘மனித சேவை டிப்ளோமா’ என்று தாள் கொடுத்தார்கள். படித்தால் கவுன்சலர் ஆகலாம் என்கிறார்கள். உண்மையா? எங்கே படிப்பது? அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கவலை.

மண்டோர்_மகன் (சனி, இரவு 11.15)

அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம். ஆறுதல் சொல்ல டிகிரியா? தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், ஒருத்தர் வீட்டில் பிரச்சினை என்றால் எங்கள் பாட்டி போய் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசுவார், சரியாகிவிடும். தங்கச்சியை நர்ஸிங் அனுப்புங்கள். வேலை நிச்சயம்.

ஈப்போ_ஜிபிகே (ஞாயிறு, காலை 7.30)

நான் இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர். கேள்வி நல்ல கேள்வி, அதனால் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு சட்டம். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், சட்டம் 580. இந்த நாட்டில் ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டுவதற்கும் அந்தப் பெயரில் தொழில் செய்வதற்கும் லெம்பாகா கவுன்சலர் என்ற ஆலோசகர் வாரியத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதோடு பெராக்குவான் அமாலான் என்ற தொழில் அனுமதியும் எடுத்து, காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பார்களே, அது இதுதான்: பதிவு பெற்ற கவுன்சலர், பெராக்குவான் அமாலான். என் மாமா பத்து வருடமாக நான் பி.ஏ. பட்டதாரி என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை.

ஆகவே டிப்ளோமா முடித்த கையோடு கவுன்சலர் ஆகலாம் என்று கூடாரத்தில் சொன்னது சரியில்லை. லெம்பாகா ஏற்றுக்கொண்ட ஆலோசனைப் பட்டம் வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மலாயா, புத்ரா, உப்சி, யூனிமாஸ் போன்றவற்றில் ஆலோசனை அல்லது வழிகாட்டல் ஆலோசனைப் பட்டம் இருக்கிறது. உப்சி உங்களுக்குப் பக்கத்து டவுன், தஞ்சோங் மாலிம். 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமானது. அங்கே உள்ளது கல்வியியல் பட்டம், அதனால் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு இழுக்கும். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூவில் விண்ணப்பிக்கும்போது ஆசிரியர் கல்விப் பட்டங்களுக்கு மெட்சி என்ற தகுதித் தேர்வும் நேர்காணலும் உண்டு. நேர்காணலில் “மக்களுக்கு உதவ ஆசை” என்று மட்டும் சொல்ல வேண்டாம், எல்லாரும் அதையே சொல்வார்கள். பூட்ஸ் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பள்ளி வேண்டாமென்றால் அரசாங்கத்தில் பெகாவாய் பிசிகோலோகி, அதாவது உளவியல் அதிகாரி, பதவி இருக்கிறது. சம்பள கிரேடு பழைய கணக்கில் எஸ்41, 2024 டிசம்பர் சம்பள மாற்றத்துக்குப் பிறகு எஸ்9. சிறைச்சாலை, மருத்துவமனை, போதைத்தடுப்பு நிறுவனம் என்று பல துறைகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ‘புனர்வாழ்வு ஆலோசனை’ என்று பெயர் வைத்த பட்டத்தையே தேடிக்கொண்டிருந்தால் இங்கே காலம்தான் வீணாகும். ஆலோசனைப் பட்டத்தை எடுத்துவிட்டு, பயிற்சி இடத்தை அந்தப் பக்கமாகத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

மண்டோர் மகனுக்கு: உங்கள் பாட்டி பேசியது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் பாட்டி சொன்னதை மறுநாள் லயமே பேசியதா இல்லையா? எங்களுக்கு முதல் வருடத்தில் கற்றுக்கொடுப்பதே வாயை மூடிக்கொள்ளத்தான். ஒருவர் அழும்போது டிஷ்யூவை நீட்டலாமா கூடாதா என்று ஒரு முழு வகுப்பு சண்டை போட்டிருக்கிறோம். சீக்கிரம் நீட்டினால் ‘அழுகையை நிறுத்து’ என்று அர்த்தமாகிவிடும் என்றார் லெக்சரர்.

ஏமாந்த_கோழி (ஞாயிறு, காலை 9.05)

என் கதையைக் கேளுங்கள். நான் எடுத்தது உளவியல் பட்டம், தனியார் கல்லூரியில். பேர் சொல்ல விரும்பவில்லை. சேரும்போது கவுன்சலர் ஆகலாம் என்றார்கள். முடித்துவிட்டுப் பதியப் போனால், உளவியல் பட்டம் மட்டும் போதாது, ஆலோசனையில் மாஸ்டர்ஸ் பண்ணுங்கள் என்று பதில். கல்விக் கடன் ஒரு பக்கம், மாஸ்டர்ஸ் கட்டணம் ஒரு பக்கம். நாலு வருடம் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்துக் காசு சேர்த்துத்தான் இப்போது பகுதி நேரமாகப் படிக்கிறேன்.

உளவியல் கெட்ட படிப்பு என்று சொல்ல வரவில்லை. கேள்வியைக் காசு கட்டும் முன் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டே கேள்வி: படிப்பின் தரம் பார்க்கும் எம்கியூஏவின் அங்கீகாரம் இருக்கிறதா? லெம்பாகா கவுன்சலர் இந்தப் பட்டத்தை ஏற்கிறதா? பதிலை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், கடிதமாக வாங்குங்கள். அப்புறம் லெம்பாகாவிடமே நேராகக் கேளுங்கள்.

கொலம்பஸ்_வாசி (ஞாயிறு, மதியம் 12.20)

நான் பீடோர் பையன், இப்போது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் புனர்வாழ்வு ஆலோசகர். இங்கே இது தனித் தொழில், அதனால் தங்கச்சிக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

1920-இல் ஒரு சட்டம் போட்டு, போருக்குப் போகாத சாதாரணக் குடிமக்களுக்கும் ஊனத்துக்குப் பிறகான தொழில் புனர்வாழ்வைத் தொடங்கினார்கள். 1954 சட்டத் திருத்தம் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் பயிற்றுவிக்கப் பணம் கொடுத்தது. இந்தப் படிப்பு பட்டமேற்படிப்பாக வளர்ந்தது அதன் பிறகுதான். 1973-இல் வந்த புனர்வாழ்வுச் சட்டம் கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்றது. அதன் 504-ஆம் பிரிவு, மத்திய அரசு நிதி வாங்கும் இடங்களில் ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்றது.

படிப்பு மாஸ்டர்ஸ், 60 கிரெடிட். தர அங்கீகாரம் கேக்ரெப் அமைப்பிடம். புனர்வாழ்வுக்கென்று தனியாக இருந்த கோர் அமைப்பு 2017-இல் அதோடு இணைந்துவிட்டது. வகுப்பு முடிந்து 100 மணி நேரப் பிராக்டிகம், அப்புறம் 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 மணி நேரம் ஆளோடு நேருக்கு நேர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் புனர்வாழ்வு ஆலோசகர்களுக்கான சிஆர்சி சான்றிதழ்த் தேர்வு.

நீங்கள் சொன்ன ‘மனித சேவை’ இங்கே வேறு வரிசை. இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு அல்லது இளங்கலை. முடித்தவர்கள் கேஸ் உதவியாளர், இல்லப் பணியாளர், வீடு இல்லாதவர்களுக்கான மையப் பணியாளர் என்று போவார்கள். கீழான வேலை என்று நினைக்க வேண்டாம். நானே அதில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் மாஸ்டர்ஸ் போனேன்.

பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வேலைப் பகுப்பாய்வு. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். உங்கள் அப்பாவை எடுத்துக்கொள்வோம். கம்பு தூக்குவது, அண்ணாந்து இழுப்பது, குலையைப் புரட்டுவது, இதெல்லாம் போய்விட்டது. ஆனால் வெட்டும் முன் அவர் என்ன செய்வார்? மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து, மேலே உள்ள குலை பழுத்ததா காயா என்று முடிவு செய்வார். அது கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு, வெட்டிய குலைகளைக் கொண்டுவந்து கொட்டும் ராம்ப்பில் குலைத் தரம் பார்க்கிற வேலை இருக்கிறதே! எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. செய்கிற காரியம் இதுதான்.

சிலிம்ரிவர்_அக்கா (ஞாயிறு, மதியம் 1.02)

அண்ணே, இதைத் தங்கச்சி அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். “காய் வெட்டிப் பேச்சு வாங்கினதே இல்லை நான்” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இப்படி அவராக ஒரு வாக்கியம்.

பிபிடிகே_டீச்சர் (ஞாயிறு, மாலை 4.48)

ஜிபிகே சார் டிப்ளோமாவை ஒரேயடியாகத் தள்ளிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நான் பிபிடிகே என்கிற சமூகப் புனர்வாழ்வு மையத்தில் இருக்கிறேன். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இப்போது நாடு முழுக்க இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம், மீதிப் பேர் டிப்ளோமா. புள்ளைங்களைத் தினமும் தூக்கி, ஊட்டி, கழுவி, பேச வைப்பது நாங்கள்.

ஒரு பையன். 19 வயது, கற்றல் குறைபாடு, ஊனமுற்றோருக்கான ஓகேயு கார்டு இருக்கிறது. அவன் அப்பாவும் தோட்டம்தான். துண்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாக மடிப்பான், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பான். “சரி” என்று சொன்னால்தான் அடுத்த மடிப்பு. ஹோட்டல் சலவையறையில் வேலை கேட்கப் போனபோதுதான் புரிந்தது, நான் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அங்கே என் முகம் இருக்காதே! அப்புறம்தான் ஜாப் கோச் பயிற்சிக்குப் போனேன். ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவின் துணையோடு சமூகநலத்துறை இங்கே கொண்டுவந்த முறை. கோச் பையனோடு வேலை இடத்துக்கே போய், பக்கத்தில் நின்று, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர வேண்டும். சுவரில் நான்கு படம் ஒட்டினோம், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று. முதல் வாரம் அருகில் நின்றேன், மூன்றாவது வாரம் கதவோரம், ஆறாவது வாரம் கார் பார்க்கிங்கில். கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டு அழுதது நான்தான்.

இதற்கு எந்த டிகிரியும் கேட்கவில்லை. ஆனால் டிகிரி இல்லாததால் என் கருத்தை மீட்டிங்கில் யாரும் கேட்பதுமில்லை. இரண்டும் உண்மை.

தங்கச்சி, யூபியூ முடிவு வரும் வரை சும்மா இருக்காமல் பக்கத்து மையத்தில் வாரம் ஒரு நாள் உதவிக்குப் போ. மூன்று மாதம் போனால் இந்த வேலை உனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான்.

ஈப்போ_ஜிபிகே (ஞாயிறு, மாலை 6.10)

டீச்சர், மன்னிக்கவும். டிப்ளோமா எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். கவுன்சலர் என்ற பெயருக்கு உதவாது. இந்தத் துறைக்குள் காலை வைக்க உதவும்.

விட்டுப்போன இன்னொரு வழி சமூகப்பணிப் பட்டம். பினாங்கு யூஎஸ்எம்மில் 1975 முதல் இருக்கிறது. யூகேஎம், யூயூஎம், யூனிமாஸிலும் உண்டு. குடும்பம், நலத்துறை, மருத்துவமனை என்று சுற்றி ஓடுகிற சுபாவம் என்றால் அது பொருந்தும். நாற்காலியில் ஒருவரோடு ஒருவராக உட்காருகிற சுபாவம் என்றால் ஆலோசனை. போனைப் பிடுங்கிய பெண் எந்த ரகம் என்று அக்காவுக்குத்தான் தெரியும்! பிசியோ, தொழில்வழிச் சிகிச்சை, மருத்துவ உளவியல் எல்லாம் வேறு கணக்கு, அவை 2016-இன் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும்.

மண்டோர்_மகன் (ஞாயிறு, இரவு 9.37)

நேற்றுப் போட்டதை அழிக்கலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

என் அண்ணன் குடிக்கிறவர். மலிவுச் சாராயமான சம்சு காலத்திலிருந்து. மூன்று தடவை சாமி முன்னால் சத்தியம் பண்ண வைத்தோம். பாட்டியும் பேசினார், கோயில் தலைவரும் பேசினார், நான் அடித்தும் பார்த்தேன். போன வருடம் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு தமிழ்க் கவுன்சலர். சின்னப் பையன், என்னை விட வயது குறைவு. “ஏன் குடிக்கிறீங்க?” என்று கேட்கவே இல்லை. “போன மாசம் குடிக்காம இருந்த நாள் எது, அன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டார். அண்ணன் ரொம்ப நேரம் யோசித்து, “மக ரிப்போர்ட் கார்டு எடுத்த அன்னிக்கு, ஸ்கூலுக்குப் போகணும்னு” என்றார். குடிக்காத நாளும் ஒன்று இருந்தது என்றே எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

முழுசாக நிறுத்திவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு விழுந்தார், திரும்பவும் போகிறார். ஒரே கஷ்டம், அந்தத் தம்பி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரோடு மலாயில்தான் பேச வேண்டும். அண்ணனுக்கு மலாயில் வேலை விஷயம் பேச வரும், மனசு பேச வராது.

ஈப்போ_ஜிபிகே (ஞாயிறு, இரவு 9.58)

தம்பி சொன்ன கடைசி வரிக்காகவே தங்கச்சி இந்தப் படிப்புக்குப் போகலாம். நாங்கள் படித்ததெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். பயிற்சியில் ஒரு தோட்டத்து அம்மா “நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு” என்றார். என் சூப்பர்வைசருக்கு அதை மலாயில் எழுதிக் கொடுத்தேன், அவர் இருதயப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினோம், அதில் தப்பில்லை, உடம்பையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

ஆயர்குரோ_போனவன் (திங்கள், காலை 6.15)

ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது ஆலோசனை வாங்கினவன். பனை ஆலையில் கால் மாட்டி முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அடிபட்டவர்களை வேலைக்குத் திரும்ப வைக்கிற சொக்சோவின் ரிட்டர்ன் டு வொர்க் திட்டம் 2007-இல் தொடங்கியது. அதில் சேர்த்து மலாக்கா ஆயர் குரோவில் உள்ள துன் அப்துல் ரசாக் புனர்வாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்கிப் பயிற்சி. செயற்கைக் காலோடு படி ஏறுவது, நின்று வேலை செய்வது எல்லாம் அங்கேதான் கற்றேன்.

ஆனால் அக்கா, எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது மலாக்காவில் இல்லை, ஆலை ஆபீஸ் வாசலில். கேஸ் மேனேஜர் முதலாளியைப் பார்க்க வந்தார், கூட ஒரு தெரப்பிஸ்ட். ஆலை மேனேஜர் “லைட் டியூட்டி இல்லை” என்று ஆரம்பித்தார். கேஸ் மேனேஜர் வாதாடவே இல்லை. பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்து, லாரி எடை போடும் அறைக்குப் போய், மேசை உயரம், நாற்காலி உயரம், படிக்கட்டு எத்தனை என்று அளந்து எழுதினார். படி மூன்று, கைப்பிடி இல்லை. கைப்பிடி ஒன்று போட்டால் போதும் என்று தாளில் வரைந்து மேனேஜரிடம் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு மேனேஜருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து வருடமாக அந்த அறையில்தான் இருக்கிறேன்.

தங்கச்சிக்கு ஒன்று: சொக்சோ கேஸ் மேனேஜர்கள் எல்லாரும் கவுன்சலர் இல்லை. எனக்கு வந்தவர் தொழில்வழிச் சிகிச்சை படித்தவர், இன்னொருவர் சமூகப்பணி. ஊனமுற்ற தொழிலாளிகளை வேலையில் நிலைநிறுத்துவதற்காகக் கனடாவின் நிட்மார் அமைப்பு வகுத்த சான்றிதழ் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பட்டம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இனி தோட்டத்தில் இந்த வேலை பார்ப்பவருக்கு வங்காளமும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. சும்மா சொன்னேன்.

ஏமாந்த_கோழி (திங்கள், காலை 8.20)

‘வாதாடவே இல்லை, டேப்பை எடுத்தார்’. இதை என் அசைன்மெண்டில் போட்டுக்கொள்ளலாமா அண்ணே?

ஆயர்குரோ_போனவன் (திங்கள், காலை 8.41)

போடுங்கள். மார்க் வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள்.

சிலிம்ரிவர்_அக்கா (மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.15)

எல்லாருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், வீட்டில் ஓட்டம்.

கூடாரக்காரர்களிடம் ஏமாந்த கோழி சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டோம். எம்கியூஏ தாளைக் காட்டினார்கள், லெம்பாகா பற்றிக் கேட்டதும் “பிறகு மாஸ்டர்ஸ் பண்ணிக்கொள்ளலாம்” என்றார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டோம். யூபியூவில் முதலில் ஆலோசனைப் பட்டம், இரண்டாவது யூஎஸ்எம் சமூகப்பணி, மூன்றாவது உப்சி என்று போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு உப்சி முதலில் வேண்டும், சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாமே என்று. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

வியாழக்கிழமைகளில் மையத்துக்குப் போகிறாள். முதல் நாள் ஒரு குழந்தை அவள் மேல் சட்டை முழுக்கக் கஞ்சியைத் துப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் குளித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். இனி போக மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வியாழன் பழைய டீ-சர்ட் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கேஸ் மேனேஜரிடம் தரம் பார்க்கிற வேலை பற்றித் தங்கச்சியே பேசினாள். தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியும் ராம்ப்பில் ஆள் தேவைதான் என்று சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அந்த அம்மா நேரில் வருகிறாராம். அளக்கிற டேப்பை எங்கே வைத்தோம் என்று அப்பா இன்று காலையிலிருந்து வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.